பொருள் கை மாறுறதுக்கும் ஆண் பெண் ஏற்றத்தாழ்வுக்கும் என்ன சம்பந்தம்? மானுடவியல் என்ன சொல்லுது?

"எல்லா சமூகத்துலயும் ஆம்பளைங்க கைதான் ஓங்கியிருக்கு, அப்ப அது இயற்கைதானே, மானுடவியல் இதுல புதுசா என்ன சொல்லிடப் போகுது"ன்னு கேட்டிருக்கீங்க. நான் எம்ஏ மானுடவியல் படிச்சவன், ஃபீல்ட்வொர்க்னு பெருசா ஒண்ணும் கிழிச்சதில்ல, ஆனா ஒரு விஷயம் மட்டும் மண்டையில நல்லா உக்காந்துடுச்சு: ஒரு பொருள் கை மாறுதுன்னா அத யாரு பாடுபட்டு உண்டாக்குனது, யாரு பேர்ல அது போகுது, இந்த ரெண்டையும் தனித்தனியா கேக்கணும்.

ட்ரோப்ரியாண்ட் தீவுகள எடுத்துக்கோங்க, பாப்புவா நியூ கினியில இருக்கு. 1915லேர்ந்து 1918க்குள்ள ரெண்டு தடவையா மாலினோவ்ஸ்கிங்கிற மானுடவியல் ஆய்வாளர் அங்க போய்த் தங்கி, கூலாங்கிற பரிமாற்றத்தப் பத்தி எழுதி 1922ல புத்தகமா போட்டாரு. சிவப்புச் சிப்பி மாலை ஒரு சுத்துல தீவு தீவா போகும், வெள்ளைச் சங்கு வளையம் அதுக்கு எதிர் சுத்துல வரும், யாரும் அத நிரந்தரமா வச்சுக்க மாட்டாங்க, கொஞ்ச நாள் வச்சிருந்துட்டு அடுத்த தீவுக்காரருக்குக் குடுத்துடணும், அதுலதான் பேரும் புகழும். படகுல போனது எல்லாம் ஆம்பளைங்க. அதப் படிச்சா அந்த ஊர்ல மதிப்புள்ள பொருளெல்லாம் ஆம்பளைங்க கையிலதான் இருந்துச்சுன்னே தோணும்.

1971ல அதே தீவுக்கு ஆனெட் வீனர்னு ஒரு மானுடவியல் ஆய்வாளர் அம்மா போறாங்க. போன அன்னைக்கே அந்த ஊர்ப் பொம்பளைங்க அவங்கள ஒரு சாவுச் சடங்குக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க. பாத்தா அங்க குடுக்கிறது வாங்குறது முழுக்க பொம்பளைங்க, அதுவும் வாழை இலைக் கட்டு! பச்சை இலையக் கிழிச்சு, கோலம் மாதிரி செதுக்குன பலகை மேல வச்சு சுரண்டி, வெயில்ல காயப்போட்டு, ஒரு முனையில கட்டுவாங்க. வெளியாளுக்கு அது குப்பை. ஆனா ஆயிரக்கணக்குல சேத்துக் குடுத்தாதான் செத்தவர் வம்சத்துக்கு மரியாதை, அங்க வம்சம் தாய்வழி வேற. சேத்த கட்டு பத்தலன்னா புருஷன்தான் தன்கிட்ட இருக்கிற பன்னி, சாமான்னு குடுத்துக் கட்டு வாங்கித் தரணும், ஏன்னா அவர் வீட்டுக்கு வருஷா வருஷம் வள்ளிக்கிழங்கு வர்றது மனைவியோட அண்ணன் தம்பி தோட்டத்துலேர்ந்து. ஆம்பளையோட சொத்து பொம்பளையோட சடங்குல கரையுது பாருங்க. மாலினோவ்ஸ்கி கண் தெரியாதவர் இல்ல, இலைக்கட்டுக்குப் போய் இவ்வளவு மதிப்பு இருக்கும்னு அவருக்குத் தோணல, அவ்வளவுதான்.

இதுக்கு நேர்மாறா அதே நாட்டு மலைப்பகுதி, மவுண்ட் ஹாகன். அங்க மோகான்னு ஒரு பரிமாற்றம் இருந்துச்சு, வாங்குனத விட அதிகமா பன்னி திருப்பிக் குடுத்தா பெரிய மனுஷன். அந்தப் பன்னிக்குக் கிழங்கு பயிர் பண்ணி, தீனி போட்டு வளக்கிறது மனைவி, மேடையேறுற பேரு புருஷனுக்கு. மெரிலின் ஸ்ட்ராதர்ன்ங்கிற மானுடவியல் ஆய்வாளர் இத உண்டாக்குறவங்க, கை மாத்துறவங்கன்னு பிரிச்சுக் காட்டுனாங்க. ரெண்டு இடத்துலயும் பொம்பளைங்க மாடா உழைக்கிறாங்க, ஆனா உழைப்புக்கு வர்ற பேரு ஒரே மாதிரி இல்லையே, இயற்கைன்னா ரெண்டும் ஒண்ணாத்தானே இருந்திருக்கணும்?



ஏற்றத்தாழ்வே வராம பாத்துக்கிட்டவங்களும் உண்டு. ஆப்பிரிக்காவோட தெற்குல இருக்கிற கலஹாரி பாலைவனத்து குங் மக்கள் வேட்டையாடி வாழ்ந்த காலத்துல, வேட்டைக்கறி அடிச்சவனுக்குச் சொந்தமில்ல, முதல்ல பட்ட அம்பு யாரோடதோ அவங்களுக்கு. அம்ப இரவல் குடுத்து வாங்கிப்பாங்க, அதனால வேட்டைக்கே போகாத கிழவரோ ஒரு பொம்பளையோ கூட கறியப் பங்கு போடலாம். அன்றாட சாப்பாட்டுல பாதிக்கு மேல பொம்பளைங்க சேகரிச்ச கொட்டை, கிழங்குதான், அதனால கறி கொண்டாந்தேன்னு யாரும் ரொம்ப அலட்டிக்க முடியாது. அலட்டுனாலும் விட மாட்டாங்க, எவ்வளவு பெரிய மிருகம் அடிச்சாலும் "இந்த எலும்பத் தூக்கவா எங்கள வரச் சொன்ன"ன்னு மானத்த வாங்கிடுவாங்க. 1960கள்ல அங்க இருந்த ரிச்சர்ட் லீங்கிற மானுடவியல் ஆய்வாளர், கிறிஸ்துமஸ் விருந்துக்கு இருக்கிறதுலயே பெரிய மாடா தேடி வாங்கிக் குடுத்துட்டு, ஊரே "கிழட்டு மாடு, வெறும் எலும்பு"ன்னு சொல்லச் சொல்ல நொந்து போயிட்டாரு. வெட்டிப் பாத்தா நல்ல கொழுப்பு, அவரும் அலட்டிக்கக் கூடாதுன்னுதான் அப்படி மட்டம் தட்டியிருக்காங்க.