விஷுவல் நாவலில் தேர்வுகள் ஏன் எரிச்சலூட்டுகின்றன?

சென்னையில் நடக்கும் கதையை விஷுவல் நாவலாக, அதாவது படங்களோடு வசனம் படித்துக்கொண்டே போய், இடையிடையே என்ன செய்வதென்று விளையாடுபவரே தேர்ந்தெடுக்கும் விளையாட்டாகச் செய்கிறீர்கள். 'தப்பா அழுத்தினா மறுபடி முதல்லேருந்தா?' என்று நண்பர்கள் சலித்துக்கொள்கிறார்கள், தேர்வுகளைக் குறைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தேர்வுகளைக் குறைக்க வேண்டாம். அவை விளைவை ஊகிக்கவே முடியாத குருட்டுத் தேர்வுகளா என்று பாருங்கள்.

நீங்கள் சொன்ன காட்சியையே எடுத்துக்கொள்வோம். நாயகி திருவான்மியூரில் நிற்கிறாள். பறக்கும் ரயிலா, பஸ்ஸா? பஸ் என்றால் மயிலாப்பூர் பாட்டியைக் கடைசியாகப் பார்க்க முடியாது. இதை விளையாடுபவர் எப்படி ஊகிப்பார்? பாட்டிக்கு மூச்சு வாங்குகிறது, அடையாறில் டிராஃபிக் என்று முன்பே அம்மா போனில் சொல்லட்டும். அப்புறம் பஸ்ஸில் ஏறியவர் உங்கள் மேல் கோபப்பட மாட்டார், தன் முடிவை நினைத்து வருந்துவார். கதைக்கு வேண்டியது அந்த வருத்தம்தான்.

ஒவ்வொரு தேர்வுக்கும் தனிக் கிளை எழுதாதீர்கள். இரண்டு வழியுள்ள 10 தேர்வுகள் சேர்ந்தால் 1,024 பாதைகள்; தனி ஆளால் முடியாது. கிளைகளை மறுபடி இணைத்துவிடுங்கள், ஆனால் தேர்வை ஒரு மாறியில் (நிரலில் ஒரு மதிப்பைக் குறித்துவைக்கும் இடம்) சேமித்து, பின்னால் ஒரு வசனத்திலாவது நினைவூட்டுங்கள். 'அன்னிக்கு நீ வரலையே' என்ற ஒரு வரி போதும்.

விஷுவல் நாவல் செய்ய உதவும் ரென்பை (Ren'Py) மென்பொருளில் செய்கிறீர்கள் என்றால், பின்னோக்கிப் போவதும் படித்த வசனங்களைத் தாவுவதும் அதிலேயே இருக்கின்றன. பரபரப்புக்காக அவற்றை முடக்காதீர்கள்.