வாசகர் கேள்வி – பதில்: தெஹானோ இசையும் டெக்சஸ் வானொலியும்

கேள்வி: செலினாவின் பாடல்கள் வழியாகத்தான், டெக்சஸில் வாழும் மெக்சிகோ வழியினரின் தெஹானோ இசை எனக்கு அறிமுகமானது. அவர் இறந்த பிறகு டெக்சஸ் வானொலிகளில் அந்த இசையே அருகிவிட்டது என்கிறார்கள். ஒரு பாடகியின் மறைவு ஓர் இசை மரபையே வானொலியிலிருந்து அகற்றிவிடுமா? – திருச்சி வாசகர்

பதில்: அகற்றாது. செலினா 1995 மார்ச் 31 அன்று கார்பஸ் கிறிஸ்டியில் சுட்டுக் கொல்லப்பட்டபோது அவருக்கு வயது 23. அதே ஆண்டு ஜூலையில் வெளிவந்த அவருடைய இசைத்தொகுப்பு, பில்போர்டு பட்டியலில் நேராக முதலிடத்தில் நுழைந்தது. கேட்பவர்கள் இருந்தார்கள், மாறியது வானொலியின் உடைமை.

1996ஆம் ஆண்டின் அமெரிக்கத் தொலைத்தொடர்புச் சட்டம், நாடு முழுவதும் ஒரு நிறுவனம் 40 நிலையங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பை நீக்கியதுடன், பெருநகரம் ஒன்றிலேயே எட்டு நிலையங்கள் வரை வைத்துக்கொள்ளவும் அனுமதித்தது. தெஹானோவின் தலைநகரம் எனத்தக்க சான் அன்டோனியோவிலேயே தலைமையகம் கொண்டிருந்த கிளியர் சேனல் நிறுவனம், சில ஆண்டுகளில் 1,200க்கும் மேற்பட்ட நிலையங்களுக்கு உரிமையாளரானது. ஸ்பானிய மொழி நிலையங்களும் இதேபோல ஒரு சில கைகளில் சேர்ந்தன. அதுவரை உள்ளூர் அறிவிப்பாளர் ஸ்பானியத்தில் தொடங்கிய வாக்கியத்தை ஆங்கிலத்தில் முடிப்பார். பிறந்தநாள் வாழ்த்தோடு நேயர் விருப்பப் பாடலை ஒலிபரப்புவார். சனிக்கிழமை இரவு எந்த நடன அரங்கில் எந்தக் குழு வாசிக்கிறது என்பதையும் சொல்லிவிடுவார். பாடல் பட்டியலைத் தலைமையகம் தீர்மானிக்கத் தொடங்கியதும் இவற்றுக்கு இடமில்லாமல் போனது. இந்த இழப்பையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

கேள்வி: அமெரிக்காவில் ஸ்பானிய மொழி வானொலி வளர்ந்துகொண்டுதானே இருந்தது? அந்த வளர்ச்சியில் தெஹானோவுக்கு ஏன் பங்கு கிடைக்கவில்லை? – கோவை வாசகர்

பதில்: விளம்பரக் கணக்கே காரணம். மெக்சிகோவிலிருந்து புதிதாகக் குடியேறியவர்கள் வட மெக்சிகோவின் அக்கார்டியன் இசையான நோர்த்தேன்யோவையும், ஊதுகருவிக் குழுக்களின் இசையான பாண்டாவையும் விரும்பினார்கள். அவற்றை லாஸ் ஏஞ்சல்ஸிலும் சிகாகோவிலும் ஹூஸ்டனிலும் ஒரே அச்சில் ஒலிபரப்பி, நாடு தழுவிய விளம்பரங்களைப் பெற முடிந்தது. தெஹானோ நேயர்களோ பல தலைமுறைகளாக டெக்சஸில் வாழ்பவர்கள், ஆங்கிலமும் அறிந்தவர்கள். ஆங்கில நிலையத்தின் வழியாகவே அவர்களை எட்டிவிடலாம் என்று எண்ணிய விளம்பரதாரர், அவர்களுக்கெனத் தனியே செலவு செய்ய முன்வரவில்லை. நேயர்களின் சராசரி வயது கூடக்கூட இந்தத் தயக்கமும் கூடியது. கிராமி விருதில் தெஹானோவுக்கென இருந்த தனிப் பிரிவும் 2012இல் மெக்சிகோ வட்டார இசையோடு இணைக்கப்பட்டது.

கேள்வி: இன்று அந்த இசை எங்கே ஒலிக்கிறது? புதிதாகக் கேட்பவர் எங்கிருந்து தொடங்கலாம்? – சேலம் வாசகர்

பதில்: 1990களில் சான் அன்டோனியோவில் கொடிகட்டிப் பறந்த கே.எக்ஸ்.டி.என். நிலையம் 107.5 பண்பலையை விட்டு, 1350 என்ற ஏ.எம். அலைவரிசைக்கு மாறியது. ராவுல் கோர்த்தேஸ் 1946இல் கே.சி.ஓ.ஆர். என்ற முன்னோடி ஸ்பானிய நிலையத்தைத் தொடங்கிய அதே அலைவரிசை அது. தரம் குறைந்த ஒலிதான், ஆயினும் ஒரு வீடு கிடைத்தது. மற்றபடி சிறு நகர நிலையங்களும், ஆர்வலர்கள் நடத்தும் இணைய வானொலிகளும், 1982 முதல் சான் அன்டோனியோவின் குவாதலூப்பே பண்பாட்டு மையம் நடத்தும் கொன்ஹுந்தோ (அக்கார்டியனை முதன்மையாகக் கொண்ட தெஹானோ குழு இசை) விழாவும், கார்பஸ் கிறிஸ்டியின் ஃப்ரெடி ரெக்கார்ட்ஸ் இசைப்பதிவு நிறுவனமும் இந்த மரபைத் தாங்கி நிற்கின்றன.

தொடங்குவதற்கு நார்சிசோ மார்த்தினேஸ் 1930களில் பதிவு செய்த பாடல்களைப் பரிந்துரைக்கிறேன். ஜெர்மானிய, செக் குடியேறிகளின் அக்கார்டியனையும் போல்கா தாளத்தையும் டெக்சஸ் மெக்சிகர்கள் தமதாக்கிக்கொண்ட விதம் அவற்றில் தெளிவாகக் கேட்கிறது. மார்த்தினேஸ் அக்கார்டியனின் இடக்கைப் பொத்தான்களைப் பெரும்பாலும் தொடாமல், வலக்கையால் மெட்டை மட்டும் துள்ளலாக வாசிப்பார். அடிநாதத்தைச் சந்தியாகோ அல்மேய்தாவின் பன்னிரண்டு நரம்பு பாஹோ செக்ஸ்தோ என்னும் கிதார் வகைக் கருவி பார்த்துக்கொள்ளும். அடுத்து அக்கார்டியன் கலைஞர் ஃப்ளாக்கோ ஹிமேனெஸ், பாடகர் லிட்டில் ஜோ ஆகியோரைக் கேட்டுவிட்டு, மறுபடி செலினாவிடம் வாருங்கள். பழைய இசைத்தட்டுகளைத் தேடுவோர், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகம் இணையத்தில் வைத்துள்ள ஃப்ரோந்தேரா சேகரிப்பைப் பார்க்கலாம்.