தலை வலித்தால் டியூப்பைப் பாருங்கள்

கேள்வி: தென்னை மரத்திலிருந்து விழுந்ததில் என் தம்பிக்குக் கழுத்தில் தண்டுவடம் அடிபட்டுவிட்டது. இரண்டு வருஷமாகச் சக்கர நாற்காலிதான். அடிக்கடி தலை பிளக்கிற மாதிரி வலி, முகமெல்லாம் சிவந்து வியர்வை கொட்டுகிறது. மாத்திரைக்கு அடங்கவில்லை. பிரஷர் 150 இருந்தது. ஆஸ்பத்திரியில் "இது பெரிய விஷயமில்லை" என்றார்கள். என்ன செய்வது?
- ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: வலி வரும்போது தம்பியின் யூரின் பையை யாராவது பார்த்தீர்களா?

பிசியோதெரபி பயிற்சியில் இருந்தபோது எங்கள் வார்டிலும் ஒருவர் இப்படித்தான் "தலை வெடிக்குது சார்" என்று கத்தினார். பாரசிட்டமால் கொடுத்துப் படுக்கவைத்தோம். இரண்டுமே தப்பு என்று அப்போது எனக்குத் தெரியாது. விரிப்பு மாற்ற வந்த ஆயாம்மா அவர் தொடையைத் தூக்கினார். டியூப் அடியில் மடங்கிக் கிடந்தது, பையில் சொட்டுக்கூட இல்லை. நிமிர்த்தியதும் சிறுநீர் பாய்ந்தது. சில நிமிடத்தில் "இப்பப் பரவால்ல" என்றார்.

உள்ளே சிறுநீர்ப்பை நிரம்பியது மூளைக்குத் தெரியாது, வழியில் தண்டுவடம் அறுந்திருக்கிறது. ஆனால் அடிபட்ட இடத்துக்குக் கீழே தண்டுவடம் உயிரோடுதான் இருக்கிறது. அது தானாகவே வயிறு, கால் ரத்தக்குழாய்களை இறுக்கிவிடும். பிரஷர் எகிறும். மூளை போடுகிற பிரேக் கீழே போய்ச் சேராது. தண்டுவடத்தைத் தொடாமல் போகும் வேகஸ் நரம்பு வழியாக இதயத்தை மட்டும் மெதுவாக்கப் பார்க்கும். இதற்கு ஆட்டோனாமிக் டிஸ்ரெஃப்ளெக்சியா என்று பெயர். முதுகெலும்பில் மார்புப் பகுதியின் ஆறாவது எலும்பிலோ அதற்கு மேலோ அடிபட்டவர்களுக்குத்தான் பெரும்பாலும் வரும்.

அப்புறம் அந்த 150. கழுத்தில் அடிபட்டவர்களுக்கு மேல் பிரஷர் பொதுவாகவே 90, 100, 110 என்றுதான் இருக்கும். அதிலிருந்து 20, 40 ஏறினாலே ஆபத்து மணி. தம்பி நன்றாக இருக்கும் நாளில் அளந்து, எழுதி, சுவரில் ஒட்டிவையுங்கள்.

வலி வந்தால் உடனே நிமிர்த்தி உட்காரவையுங்கள், கால் தொங்கட்டும். பெல்ட், வேட்டிக் கட்டு, பையைக் காலில் கட்டிய பட்டை எல்லாவற்றையும் தளர்த்துங்கள். டியூப் மடங்கியிருக்கிறதா, பை நிரம்பியிருக்கிறதா பாருங்கள். அது சரியாக இருந்தால் மலச்சிக்கல், படுக்கைப் புண், சதைக்குள் வளர்ந்த கால் நகம் என்று தேடுங்கள். ஆமாம், நகம்கூடப் போதும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவையாவது பிரஷர் பாருங்கள். இறங்காவிட்டாலோ காரணம் அகப்படாவிட்டாலோ ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். பக்கவாதம், வலிப்பு வரை போகக்கூடியது. ஆஸ்பத்திரியில் இந்தப் பக்கத்தையே காட்டலாம், தப்பில்லை.

கேள்வி: கனடாவில் உட்கார்ந்து எலியின் பிரஷரை ஆராய்கிறீர்களே, தண்டுவடம் அடிபட்டவர்களை நடக்கவைக்க வழி பார்க்கக் கூடாதா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், மன்னார்குடி

பதில்: சார், இந்தக் கேள்வியை என் அம்மாவும் கேட்டுவிட்டார்.

அமெரிக்காவில் கிம் ஆண்டர்சன் என்ற ஆராய்ச்சியாளர் தண்டுவடம் அடிபட்ட 681 பேரிடமே "உங்களுக்கு முதலில் எது திரும்ப வேண்டும்?" என்று கேட்டு, 2004இல் வெளியிட்டார். கையும் காலும் போனவர்கள் கையைக் கேட்டார்கள். கால் மட்டும் போனவர்கள் தாம்பத்திய வாழ்க்கையைக் கேட்டார்கள். சிறுநீர், மலம், இந்த டிஸ்ரெஃப்ளெக்சியா ஆகியவையும் பட்டியலில் மேலேயே இருந்தன. நடப்பது முதலிடத்தில் இல்லை.

அடிபட்ட பிறகு தண்டுவடத்தின் கீழ்ப்பகுதியில் உணர்வு நரம்பிழைகள் புதிதாகக் கிளைவிடுகின்றன. சின்னத் தூண்டுதலும் பெரிய கூச்சலாக மாறுவதற்கு அது ஒரு காரணம். அந்தக் கிளைப்பைக் குறைக்க முடியுமா என்பதுதான் என் போஸ்ட்டாக் (பிஎச்.டி. முடித்த பிறகு செய்யும் ஆராய்ச்சி) வேலை. எலியின் மலக்குடலில் குட்டி பலூனை ஊதினால் திரையில் பிரஷர் ஏறும், இதயத்துடிப்பு இறங்கும்.

ஆனால் என் பொழுது அதிகம் போவது வேறொன்றில். அடிபட்ட புதிதில் எலியால் தானாக மூத்திரம் போக முடியாது. காலை ஆறு, மத்தியானம் இரண்டு, ராத்திரி பத்து மணிக்கு அடிவயிற்றை இரு விரலால் மெதுவாக அமுக்கி நாம்தான் எடுத்துவிட வேண்டும். ஞாயிறு, கிறிஸ்துமஸ் கிடையாது. இப்போது மணி ஒன்பதே முக்கால், கிளம்புகிறேன் சார்.