சைக்கோபதி உள்ளவர்களுக்கு உணர்ச்சி எப்படி இருக்கும்? சேலம் வாசகர்களுக்குப் பதில்கள்

சேலத்தில் உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். சைக்கோபதி, அதாவது அடுத்தவர் வேதனையும் குற்ற உணர்வும் பெரிதாக உறைக்காத ஆளுமைக் குணம் பற்றிக் கேளுங்கள் என்று சொன்னதும் கேள்விகள் குவிந்துவிட்டன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

மேடம், இவர்களுக்கு உணர்ச்சியே கிடையாது என்கிறார்களே, நிஜமா? (செவ்வாய்ப்பேட்டை)

நிஜமில்லை. கோபம் வரும், நன்றாகவே வரும். ஆசை, சந்தோஷம், சலிப்பு எல்லாம் உண்டு. குறைவாக இருப்பது முக்கியமாக இரண்டு: பயம், அடுத்தவர் வேதனை தன்னைத் தொடுவது. 1957இல் டேவிட் லிக்கன் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். சில தப்பான விசைகளை அழுத்தினால் ஷாக் அடிக்கும். மற்றவர்கள் சீக்கிரமே அந்த விசைகளை விட்டு விலகக் கற்றார்கள். இந்தக் குணம் உள்ளவர்கள் அவ்வளவாகக் கற்கவில்லை. ஷாக்குக்கு முன்னால் வரும் எச்சரிக்கை ஒலிக்கும் அவர்கள் உடம்பு அதிகம் பதறவில்லை. பயந்துபோன முகத்தைப் பார்த்து அது பயம்தான் என்று கண்டுகொள்வதிலும் இவர்களில் பலர் தடுமாறுகிறார்கள். மூளையில் அமிக்டலா என்ற பகுதி மந்தமாக வேலை செய்வதற்கும் இதற்கும் தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன.

என் தம்பி ஏற்காடு மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவிலும் பைக்கைப் படுக்கவைத்து ஓட்டுகிறான். பயமே இல்லை. இதுவும் அதுதானா? (நாகலூர்)

இல்லை. பயமில்லாமை மட்டும் இருந்தால் அது சைக்கோபதி ஆகாது. கூட வந்தவன் கீழே விழுந்தால் உங்கள் தம்பி வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவருவான் என்றால் கவலை வேண்டாம். ஹெல்மெட்டுக்கு மட்டும் சண்டை போடுங்கள்.

கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது என் கூட்டாளி கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். அதே வாரம் பட்டறையிலிருந்து வெள்ளியை எடுத்திருக்கிறான். அந்த அழுகை நடிப்பா? (சிவதாபுரம்)

அண்ணா, நேரில் பார்க்காத ஒருவருக்கு நான் பெயர் சூட்ட மாட்டேன். பணக் கஷ்டத்தில் நாணயம் தவறுகிறவர்களும் ஏராளம். ஆனால் உங்கள் கேள்வி ஆழமானது. அடுத்தவர் மனதில் என்ன ஓடுகிறது என்று புரிந்துகொள்வது வேறு, அது தனக்குள் வலிப்பது வேறு. சைக்கோபதியில் முதலாவது பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். எந்த நேரத்தில் எந்த வார்த்தை சொன்னால் நீங்கள் இளகுவீர்கள் என்று தெரியும்.

இரண்டாவதைப் பற்றி 2013இல் நெதர்லாந்தில் கிறிஸ்டியான் கெய்சர்ஸ், வலேரியா கசோலா குழுவினர் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். குற்றம் செய்து காவலில் இருந்த சைக்கோபதி உள்ள ஆண்களை ஸ்கேனருக்குள் படுக்கவைத்து, ஒரு கை இன்னொரு கையைத் தடவுவது, அடிப்பது, தள்ளிவிடுவது போன்ற வீடியோக்களைக் காட்டினார்கள். சும்மா பார்த்தபோது, மற்றவர்களுக்கு விழித்துக்கொண்ட மூளைப் பகுதிகள் இவர்களுக்கு அவ்வளவாக விழிக்கவில்லை. 'அந்தக் கையின் இடத்தில் உங்களை வைத்துப் பாருங்கள்' என்று சொன்ன பிறகு வித்தியாசம் பெரிதும் குறைந்துவிட்டது! இந்தத் துறையில் வந்த ஆய்வுகளில் என்னை அதிகம் யோசிக்கவைத்தது இதுதான். நமக்குத் தானாக நடப்பது அவர்களுக்கு முனைந்தால்தான் நடக்கிறது. முனைய வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றுமா என்பதில்தான் சிக்கல்.

அதனால் அழுகையை ஆராய்வதை விடுங்கள். வெள்ளி கைமாறும்போதெல்லாம் எடை போட்டு, சீட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள்.

செய்ததற்கு வருந்துவார்களா? (ஓமலூர், கல்லூரி மாணவி)

வருந்துகிறார்கள், ஆனால் அந்த வருத்தம் அடுத்த முடிவுக்கு உதவுவதில்லை. 2016இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் சூதாட்டம் போன்ற விளையாட்டு வைத்தார்கள். 'அதைத் தேர்ந்தெடுத்திருக்கலாமே' என்ற ஏக்கம் இவர்களுக்கும் வந்தது. ஆனால் இப்படி வருந்த நேரும் என்று முன்கூட்டியே எண்ணி ஒதுங்கவில்லை. அது தன் நஷ்டத்துக்கான வருத்தம் என்பதையும் கவனி அம்மா. அடுத்தவருக்குச் செய்ததை நினைத்துக் குறுகுவது இன்னும் அரிது.

ஆட்டிசம் உள்ள என் மகனைச் சொந்தக்காரர்கள் ஈரமில்லாதவன் என்கிறார்கள். (சூரமங்கலம்)

படித்ததும் வயிறு எரிந்தது. ஆட்டிசமும் சைக்கோபதியும் கிட்டத்தட்ட நேர் எதிர். உங்கள் மகனுக்கு முகத்தைப் படிப்பது சிரமமாக இருக்கலாம். ஆனால் அம்மாவுக்கு வலிக்கிறது என்று தெரிந்துவிட்டால் அவனுக்கும் வலிக்கும். அவர்களிடம் இதை அப்படியே சொல்லுங்கள்.

ஆன்லைன் டெஸ்ட் நம்பலாமா? (ஆத்தூர்)

வேண்டாம். சைக்கோபதியை அளக்க கனடா உளவியலாளர் ராபர்ட் ஹேர் உருவாக்கிய பட்டியலில் 20 அம்சங்கள், மொத்தம் 40 மதிப்பெண். வட அமெரிக்காவில் 30 எடுத்தால்தான் அந்தப் பெயர். பயிற்சி பெற்றவர் நீண்ட பேட்டி எடுத்து, பழைய ஆவணங்களையும் பார்த்துத்தான் மதிப்பெண் போடுவார்.

ஒன்பது வயது மகன் நாய்க்குட்டியைத் துன்புறுத்துகிறான். அடித்தால் சிரிக்கிறான். பயமாக இருக்கிறது. (ஏற்காடு, பெயர் வேண்டாம்)

குழந்தைகளுக்கு இந்தப் பெயரை நாங்கள் வைப்பதில்லை, நீங்களும் வைக்காதீர்கள். அடியை உடனே நிறுத்துங்கள். பயம் குறைவாக உள்ள பிள்ளைக்குத் தண்டனை உறைக்காது; பாராட்டும் சின்னச் சின்னப் பரிசும் உறைக்கும். இன்றைக்கு நாய்க்குட்டிக்குத் தண்ணீர் வைத்தானா? அதை அப்போதே, பெயர் சொல்லிப் பாராட்டுங்கள். பரம்பரைக்குப் பங்கு உண்டுதான். ஆனால் தத்தெடுக்கப்பட்ட குழந்தைகளை வைத்து 2016இல் வந்த ஆய்வில், பெற்ற தாயிடமிருந்து பரம்பரையாக வந்த ஈரமின்மையின் பாதிப்பை, வளர்த்த தாயின் கனிவான ஊக்கம் தணித்தது.

அவன் மாறும்வரை நாய்க்குட்டியோடு அவனைத் தனியாக விடாதீர்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். மலையிலிருந்து உடனே இறங்க முடியாவிட்டால் 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம். போகும்போது அவன் வகுப்பு ஆசிரியரிடம் நாலு வரி எழுதி வாங்கிக்கொண்டு போங்கள், டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.