ரத்தக்குழாயில் ஏற்றும் கதிர்வீச்சு: வாசகர் கேள்விகளுக்கு டாக்டர் பதில்

எங்கள் அப்பச்சிக்கு (அப்பாவுக்கு) வயது 71. புராஸ்டேட் புற்றுநோய் எலும்புக்குப் பரவிவிட்டது. லுட்டீஷியம் என்ற கதிரியக்க மருந்தை ஊசியாகப் போடுமுன் இன்னொரு ஸ்கேன் கேட்கிறார்கள். எடுத்த ஸ்கேன்கள் போதாதா? (தேவகோட்டை)

போதாது. இது வேறு ஸ்கேன். புராஸ்டேட் புற்றணுக்களின் மேல் பி.எஸ்.எம்.ஏ. என்ற புரதம் பொதுவாக நிறைய இருக்கும். அதைத் தேடிப்போய் ஒட்டிக்கொள்ளும் மூலக்கூறோடு காலியம்-68 என்ற கதிரியக்கப் பொருளைச் சேர்த்து ஏற்றினால், கதிரியக்கம் தேங்கும் இடத்தைக் காட்டும் பெட் ஸ்கேனில் கட்டிகள் ஒளிரும். காலியத்துக்குப் பதில் லுட்டீஷியம்-177 சேர்த்தால் அதுவே மருந்து. புற்றணுக்களைக் கொல்வது அதன் பீட்டா கதிர்; அது திசுவுக்குள் பாய்வது சுமார் 2 மில்லிமீட்டர்தான். ஸ்கேனில் ஒளிராத கட்டிக்கு ஊசி மருந்தும் போய்ச் சேராது, பணம்தான் போகும். அதனால் ஸ்கேனுக்கு முகம் சுளிக்காதீர்கள்.

வழக்கமாக 6 வாரத்துக்கு ஒன்றாக 6 ஊசி வரை. வாய் உலரும், அசதி இருக்கும், ரத்த அணுக்கள் குறையலாம். அடியோடு குணமாக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். நோயை அடக்கிவைத்து ஆயுளைக் கூட்டுவதுதான் இதன் வேலை.

ஊசி போட்டு வந்தவரை வீட்டில் எப்படி வைத்துக்கொள்வது? சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள். (பள்ளத்தூர்)

செட்டிநாட்டு வீட்டில் அறைக்கா பஞ்சம்! வளவில் ஒரு அறை, பின்கட்டில் அவருக்கென்று ஒரு கழிப்பறை. உடலில் ஒட்டாத மருந்தில் பெரும்பகுதி முதல் இரண்டு நாளில் சிறுநீரில் போய்விடும். ஆண்களும் உட்கார்ந்தே சிறுநீர் கழிக்கட்டும். இரண்டு முறை தண்ணீர் ஊற்றி, கையைச் சோப்பால் கழுவட்டும். அவர் முகப்பில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் தள்ளி நின்று பேசலாம். பேரனை மடியில் வைப்பதும் கர்ப்பிணிகள் பக்கத்தில் இருப்பதும், டாக்டர் எழுதித் தரும் நாள் வரை கூடாது. அந்த வாரத்தில் வீட்டில் சாந்திக் கல்யாணம் (அறுபதாம் கல்யாணம்) என்றால் ஊசித் தேதியை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

தைராய்டு ஆபரேஷன் முடிந்தது. கதிரியக்க அயோடின் தருமுன் கருவாடு கூடாதாமே? (காரைக்குடி)

கூடாது. கடல் மீன், முட்டை மஞ்சள் கரு, பால், அயோடின் உப்பு எல்லாம் ஒன்று இரண்டு வாரம் தள்ளி வையுங்கள். மிச்சமிருக்கும் தைராய்டு அணுக்கள் அயோடினுக்கு ஏங்கிக் கிடந்தால்தான் மருந்தை நன்றாக இழுக்கும். கல்லுப்பிலும் இப்போது அயோடின் சேர்த்து வருகிறது. பாக்கெட்டைப் படித்துப் பாருங்கள். மிளகுக்குத் தடையில்லை.

மார்பகப் புற்றுநோய்க்கு லுட்டீஷியம் ஊசி உண்டா? (கானாடுகாத்தான்)

வழக்கமான சிகிச்சையாக இன்னும் வரவில்லை. ஆராய்ச்சி நடக்கிறது. அதற்காகக் கையிலிருக்கும் சிகிச்சையை நிறுத்திவிட்டுக் காத்திருக்காதீர்கள்.