பேச்சாளர் பட்டியலுக்கு முன் குழுவைப் பாருங்கள்

கேள்வி: எங்கள் கல்லூரி நுண்ணுயிரியல் துறை இரண்டு நாள் கருத்தரங்கு நடத்துகிறது. அழைப்புப் பேச்சாளர்கள் 12 பேரில் ஒரே ஒரு பெண். "இரண்டு பெண்களைக் கேட்டோம், வர இயலாது என்றுவிட்டார்கள்" என்கிறது ஏற்பாட்டுக் குழு. என்ன செய்யலாம்?

பதில்: அந்த 12 பெயர்களையும் சொன்னவர்கள் யார்? குழுவில் எத்தனை பெண்கள் என்று நீங்கள் எழுதவில்லை. ஒருவரும் இல்லை என்றால், அங்கிருந்து தொடங்குங்கள்.

உங்கள் துறையிலேயே இதற்குச் சான்று உண்டு. அமெரிக்க நுண்ணுயிரியல் கழகத்தின் இரண்டு பெரிய மாநாடுகளில் 2011 முதல் 2013 வரை நடந்த 460 அமர்வுகளை ஆர்துரோ காசடேவாலும் ஜோ ஹேண்டல்ஸ்மனும் ஆராய்ந்து, 2014இல் முடிவை வெளியிட்டார்கள். அமைப்பாளர்களில் ஒரு பெண்ணாவது இருந்த அமர்வுகளில், ஆண்கள் மட்டுமே அமைத்தவற்றைவிடப் பெண் பேச்சாளர்களின் விகிதம் 72 விழுக்காடு கூடுதலாக இருந்தது. யாரும் வேண்டுமென்றே பெண்களை ஒதுக்கினார்கள் என்று இதற்குப் பொருளில்லை. பெயர் கேட்டவுடன் நினைவுக்கு வருகிறவர்கள் உடன் படித்தவர்கள், போன கருத்தரங்கில் சேர்ந்து சாப்பிட்டவர்கள். வட்டம் எப்படியோ, பட்டியலும் அப்படியே.

கழகம் அதோடு விடவில்லை. இந்த எண்ணிக்கையை நிகழ்ச்சிக் குழுவின் முன் வைத்தது. பெண் அமைப்பாளர்களின் எண்ணிக்கையை உயர்த்தியது. ஆண்கள் மட்டுமே பேசும் அமர்வுகளைத் தவிர்க்குமாறு நேரடியாகவே சொன்னது. 2015 பொது மாநாட்டில் பேசியவர்களில் 48.5 விழுக்காட்டினர் பெண்கள்.

இனி அந்த மறுப்புக்கு வருவோம். ஆண்களும் மறுத்திருப்பார்கள், அவர்களுக்குப் பதிலாக வேறொருவரைத் தேடியிருப்பீர்கள். பெண் மறுத்தால் மட்டும் தேடல் ஏன் நிற்க வேண்டும்? மறுத்தவரிடமே இன்னும் மூன்று பெயர்கள் கேளுங்கள். அண்மைய ஆய்விதழ்களைப் புரட்டி, ஆய்வுக்கூடத்தை நடத்துகிற பெண்களின் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். அழைப்பு ஐந்தாறு மாதங்களுக்கு முன்பே போகட்டும். கைக்குழந்தையோடு வருபவருக்குத் துணையாக வருபவரின் பயணச் செலவையும் தங்கும் அறையையும் ஏற்பதாக அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள். கேட்டுப் பெறும் நிலையில் அவரை வைக்காதீர்கள்.

ஒன்றை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். நன்றியுரையும் தொகுத்து வழங்கும் பொறுப்பும் பெண்களுக்கு, அறிவியல் உரைகள் ஆண்களுக்கு என்ற பங்கீட்டை நான் பல மேடைகளில் பார்த்து மனம் வெதும்பியிருக்கிறேன். முதல் நாள் காலை, அரங்கு நிறைந்திருக்கும் நேரத்தில் வரும் முதன்மை உரையை ஒரு பெண் அறிவியலாளருக்குக் கொடுங்கள்.