பெர்லினைக் காத்தது எது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

1948 ஜூனில் சோவியத் தரப்பு, அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் வசமிருந்த மேற்கு பெர்லினுக்குப் போகும் சாலை, ரயில், கால்வாய் எல்லாவற்றையும் அடைத்துவிட்டது. வான்வழியை மட்டும் ஏன் விட்டுவைத்தார்கள்? இருபது லட்சம் பேருக்கு விமானத்திலேயே சோறு போட முடிந்தது எப்படி?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

வான்வழிக்குக் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இருந்தது. ஹாம்பர்க், ஹனோவர், ஃபிராங்க்ஃபர்ட் திசைகளில் தலா 20 மைல் அகலத்தில் மூன்று தடங்களுக்கு 1945 நவம்பரிலேயே சோவியத் உட்பட, பெர்லினைப் பங்கிட்டிருந்த நான்கு நாடுகளும் ஒப்புக்கொண்டிருந்தன. சாலைக்கும் ரயிலுக்கும் அப்படி உறுதியான எழுத்து எதுவும் இல்லை. ரயிலை நிறுத்த 'தொழில்நுட்பக் கோளாறு' என்று சொன்னால் போதும். விமானத்தை நிறுத்தச் சுட்டுத்தான் ஆகவேண்டும். சுட்டால் போர்.

சோற்றைவிடப் பெரிய பாரம் நிலக்கரி. உணவுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,500 டன் போதும். அதிலும் உருளைக்கிழங்கை உலர்த்தியே அனுப்பினார்கள், தண்ணீரின் எடை மிச்சம். மொத்தம் போன 23 லட்சம் டன்னில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரிதான். மூட்டை கட்டினாலும் தூள் கசியும்; தரை இடுக்கில் இறங்கி, கட்டுப்பாட்டுக் கம்பிகளைத் தேய்க்கும், மின்கம்பிகளைக் கெடுக்கும். உப்பு இன்னும் மோசம், உலோகத்தையே அரிக்கும். அதனால் உப்பை, கடல்நீரைத் தாங்கும்படி செய்யப்பட்ட சண்டர்லேண்ட் படகு விமானங்களில் ஏற்றி ஹாஃபெல் ஏரியில் இறக்கினார்கள். குளிர்காலம் வந்ததும் அவற்றை நிறுத்திவிட்டு, ஹாலிஃபாக்ஸ் விமானங்களின் வயிற்றுக்கு அடியில் கூடை மாட்டினார்கள்.

ஆகஸ்ட் 13 அன்று பெர்லினின் டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தில் மழை, தாழ்ந்த மேகம். ஒரு விமானம் ஓடுதளத்தைத் தாண்டி எரிந்தது. மேலே மற்றவை அடுக்கடுக்காக வட்டமிட்டுத் திணறின. பொறுப்பிலிருந்த அமெரிக்க ஜெனரல் டன்னர் அதன்பின் விதித்த விதியைத்தான் நான் இந்த முயற்சியின் உயிர்நாடி என்பேன்: முதல் முயற்சியில் இறங்க முடியாவிட்டால் சுற்றக் கூடாது, சரக்கோடு நேரே திரும்பிவிட வேண்டும். வடக்கு, தெற்குத் தடங்களில் உள்ளே வருவது, நடுத்தடத்தில் வெளியே போவது. விமானத்துக்கு விமானம் இடைவெளி மூன்று நிமிடம். விமானிகள் பெர்லினில் விமானத்தை விட்டு நகரவே கூடாது. சிற்றுண்டி வண்டி அவர்களிடம் வரும்.

வீரத்தை மட்டும் பாடினால், மூட்டை இறக்கிய பெர்லின்காரர்களையும், இடிபாட்டுக் கல்லை உடைத்து பெர்லினின் டெகல் விமான நிலைய ஓடுதளத்தை மூன்றே மாதத்தில் போட்ட பெண்களையும் மறந்துவிடுவோம். எனக்கு அது பொறுக்கவில்லை.

முற்றுகை 1949 மே 12ல் விலகியது. விமானங்கள் செப்டம்பர் கடைசிவரை பறந்தன. வழி மறுபடி அடைபடலாம் என்பதால் கிடங்குகளை நிரப்பி வைத்தார்கள்.